சிறுநீரகத்திலிருந்து அரைக் கிலோ வெள்ளரிக்காய்: கசானில் ரஷ்ய மொழி பழகிய பதிவு

கசான் நகரச் சந்தையில், உப்புநீரில் ஊறிய காய்கறி விற்கும் அம்மாளிடம் நான் கேட்க நினைத்தது, பீப்பாயில் ஊறிய வெள்ளரிக்காய் அரைக் கிலோ. அவர் காதில் விழுந்தது, சிறுநீரகத்திலிருந்து எடுத்த வெள்ளரிக்காய் அரைக் கிலோ. ஒரு கணம் என்னைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு நான் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினார். இருவரும் சிரித்து முடித்தபின் எனக்கு நிறுத்துத் தந்தார், ஒரு காய் கூடுதலாகவே.

அறைக்குத் திரும்பிச் சொற்களைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டினேன். தவறு தெரிந்தது. பீப்பாய்க்கு ரஷ்ய மொழியில் 'போச்கா'. சிறுநீரகத்துக்கும் 'போச்கா'. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் எழுத்தில் மட்டும்தான். ஒன்றில் 'பம்பரம்' என்பதன் முதல் ப, மற்றதில் அதே சொல்லின் நடுவில் வரும் ப. தமிழுக்கு இரண்டும் ஒரே எழுத்து. ஊரிலிருந்து கிளம்பும் முன் ஆறு வாரம் உட்கார்ந்து, ஏறத்தாழ நானூறு சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். வீடு என்றால் 'தோம்', புத்தகத் தொகுதி என்றாலும் 'தோம்'. நானூறு சொற்களில் எத்தனை இப்படிக் கெட்டுப் போயிருக்கின்றன என்று எண்ணப் பயந்து, நோட்டை மூடிவைத்தேன்.

நான் கோவைக்காரன். இயந்திரம் நிறுவும் வேலைக்காக ஒன்பது மாதம் கசானில் தங்க நேர்ந்தது. அலுவலகத்தில் ஆங்கிலம் ஓரளவு செல்லும். ஆனால் வாடகை அறை, பஸ், கடை, மருந்தகம் எல்லாம் ரஷ்ய மொழிதான். இயந்திரம் ஓடாவிட்டால் எங்கே சிக்குகிறது என்று தேடிப் பார்ப்பதுபோல, நாக்கு எங்கே சிக்குகிறது என்று தேடி எழுதிவைத்த குறிப்புகள் இவை.

முதல் திருத்தம்: தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் விட்டு, சிரிலிக் எழுத்திலேயே எழுதுவது. மொத்தம் 33 எழுத்துகள்தான். 247 எழுத்து படித்து வந்தவனுக்கு இது ஒரு கணக்கா என்று நினைத்தேன். எண்ணிக்கையில் சிரமமே இல்லை. ஆங்கிலத்தில் பழகிய உருவம் வேறு ஒலியோடு வந்து நிற்பதுதான் தொல்லை. பேனாவுக்கு ஆங்கிலத்தில் எழுதும் பி இங்கே ர். சி இங்கே ஸ். எச் இங்கே ந். எக்ஸ் இங்கே ஹ். உணவகத்தின் பெயர்ப்பலகையை முதல் நாள் 'பெக்டோபா' என்று படித்துவிட்டு, அது ஏதோ கிளைகள் நிறைய உள்ள நிறுவனம் என்று நினைத்துக்கொண்டேன். தெருவுக்குத் தெரு இருந்ததே! அது 'ரெஸ்தரான்'. புத்தகத்தில் எழுத்து படிப்பதைவிடத் தெருவில் பலகை படிப்பது பலன் தந்தது. ஏனென்றால் மருந்தகம், வங்கி, கஃபே, மெட்ரோ என்று பாதிச் சொற்கள் ஏற்கெனவே தெரிந்தவை. ஒலி பிடிபட்டதும் பொருளும் பிடிபட்டுவிடும். நான்கு மாலை நடையில் எழுத்து கைக்கு வந்தது.

கசானில் மட்டும் நேரக்கூடிய ஒரு விபத்தையும் இங்கே குறித்துவிடுகிறேன். பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் 'கிலாசே துக்தாலிஷ்' என்று ஒரு குரல் சொல்லும். 'அடுத்த நிறுத்தம்' என்று ஊகித்து, ரஷ்யச் சொல்லாக எழுதிவைத்து, ஒரு வாரம் பயன்படுத்தியும் பார்த்தேன். ஊகம் சரி, மொழிதான் தவறு. அது தாத்தார் மொழி. கசான், தாத்தர்ஸ்தான் குடியரசின் தலைநகர். அறிவிப்புகளும் தெருப்பலகைகளும் தாத்தாரிலும் ரஷ்யத்திலும் இருக்கும், தாத்தாருக்கும் அதே சிரிலிக் எழுத்துதான். ரஷ்யக் குரல் அதையடுத்து 'அஸ்தனோஃப்கா' என்று வரும். அலுவலகத்தில் ஒருவரிடம் அடுத்த 'துக்தாலிஷ்' எது என்று நான் கேட்டதற்கு, அவர் தாத்தார்க்காரர், மகிழ்ந்துபோய்த் தாத்தாரிலேயே விடை சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒலிக்கு வருவோம். ஆங்கிலம் வழியாக ரஷ்ய மொழி படிப்பவர்கள் 'ட' என்று உச்சரிக்கும் இடத்தில் ரஷ்யர்கள் பல்லில் நாக்கை வைத்துத் தெளிவான 'த' சொல்கிறார்கள். நம்முடைய த. நான் ஆங்கில வழிச் செயலியில் படித்ததால், என் வாயில் தமிழ் த இருந்தும் அதை எடுக்காமல் ட போட்டுக்கொண்டிருந்தேன். இதைவிடப் பெரிய ஏமாற்றம் அந்தப் பிரபலமான உயிர் ஒலி. இ-யும் இல்லை, உ-வும் இல்லை. வயிற்றில் குத்து வாங்கியவன் முனகுவதுபோல் சொல்லுங்கள் என்றெல்லாம் பாடங்களில் அறிவுரை இருக்கும். நான் கண்ணாடி முன் நின்று முனகிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பத்து, இருபது என்று தமிழில் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பட்டது: 'பத்து' என்பதன் கடைசித் து. உதடு குவியாமல், அரைகுறையாக ஒலிக்கும் அந்தக் குற்றியலுகரம்! ரஷ்ய மொழியில் 'நீ' என்ற சொல்லுக்கு அந்தத் துதான் கிட்டத்தட்ட அச்சு அசல். கொஞ்சம் நீட்டினால் போதும். பள்ளியில் தமிழாசிரியர் மாத்திரை குறைவு என்று விளக்கியபோது தூங்காமல் இருந்திருக்கலாம்.

அசை அழுத்தம் மட்டும் நமக்கு அந்நியம். அழுத்தம் விழாத ஓ, ஆ-வைப்போல மெலியும். எழுத்தில் 'மொலோகோ', பேச்சில் 'மலக்கோ': பால். எழுத்தில் 'மோஸ்க்வா', பேச்சில் 'மஸ்க்வா'. எங்கே அழுத்துவது என்று அச்சில் குறி இருக்காது. இடம் மாறினால் பொருள் மாறும். முதலசையை அழுத்தி 'மூக்கா' என்றால் வேதனை, இரண்டாம் அசையை அழுத்தி 'முக்கா' என்றால் மாவு. கடையில் ஒரு கிலோ வேதனை கேட்டிருக்கிறேன். அவர்கள் வேறு வேதனைகளுக்குப் பழகியவர்கள்போல, ஒன்றும் சொல்லாமல் மாவு கொடுத்தார்கள். இதற்குத் திருத்தம்: புதுச் சொல்லை எழுதியவுடன் சிவப்பு மையில் அழுத்தக்குறி போடுவது. குறி இல்லாத சொல்லைப் படிக்கவே கூடாது என்று விதி வைத்துக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு மாலை. வீட்டுக்கார அம்மா என் அறைக் கதவைத் தட்டி, 'பத்தரேயா' வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று கேட்டார். நான் செல்பேசியைத் தொட்டுப் பார்த்து, இல்லை என்றேன். அவர் கேட்டது சன்னலுக்குக் கீழே இருக்கும் வெந்நீர்க் கணப்பை. ஊர் முழுமைக்கும் ஓரிடத்தில் காய்ச்சிய வெந்நீர் குழாய்வழி வீட்டுக்கு வீடு வரும். தினசரி சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் திறந்துவிடுவார்கள். அதுவரை நடுங்க வேண்டியதுதான், அதன்பின் அறைக்குள் பனியனோடு இருக்கலாம். கணப்பு இளஞ்சூட்டில்தான் இருந்தது. எனக்குக் குளிர்கிறது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து மாற்றி, 'யா ஹலோத்னி' என்றேன். அந்த அம்மா என் கையைத் தொட்டுப் பார்த்து, 'இல்லையே, உயிரோடுதான் இருக்கிறீர்கள்' என்றார். 'நான் சில்லிட்டவன்' என்று சொல்லியிருக்கிறேன். பிறகு மெதுவாகத் திருத்தினார்: 'ம்னே ஹோலத்னா.'

'ம்னே' என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிர்கிறது!

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. தெரிந்த வாக்கியங்களை எல்லாம் ஆங்கிலத்தை உருவிவிட்டுத் தமிழின்மேல் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது: 'ம்னே ந்ராவித்ஸா', அதே 'எனக்கு'. எனக்கு நாற்பது வயது: அதே 'எனக்கு'. 'நான் பொறியாளர்' என்பதில் நமக்கும் இடையில் வினைச்சொல் இல்லை, அவர்களுக்கும் இல்லை. 'என்னிடம் இருக்கிறது' என்போம், உடைமையை வினையாக்க மாட்டோம். அவர்களும் 'ஊ மின்யா யெஸ்த்', ஏறக்குறைய 'என்னிடம் இருக்கிறது' என்கிறார்கள். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'ஏ', 'தி' தொல்லை இருவருக்கும் கிடையாது. ஆங்கிலப் பாடநூல் ஆறு வேற்றுமை என்று பூச்சாண்டி காட்டுகிறது. எட்டு வேற்றுமையோடு பிறந்தவனை ஆறு காட்டி மிரட்டினால் எப்படி? இதுவரை நான் செய்தது, கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு லண்டன் வழியாகப் போன வேலை.

இன்னொன்று பிறகு கண்டுபிடித்தேன், இதை எந்தப் பாடத்திலும் பார்க்கவில்லை. 'புத்தகம் வாங்கினேன்' என்போம், உருபு இல்லாமலே. ஆனால் 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'அண்ணனைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியில் ஆண்பாற்பெயர் செயப்படுபொருளாக வரும்போது, உயிரற்றது என்றால் வடிவம் மாறாது, உயிருள்ளது என்றால் மாறும். மேசையைப் பார்த்தால் சொல் அப்படியே இருக்கும், தம்பியைப் பார்த்தால் மாறிவிடும். அவர்கள் நாயையும் உயர்திணையோடு சேர்த்துவிடுகிறார்கள் என்பது மட்டும் வித்தியாசம். நாய் வளர்ப்பவர்கள் மறுக்க மாட்டார்கள்.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. மேசை ஆண், புத்தகம் பெண், சன்னல் இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் விடை கிடையாது, சொல்லின் கடைசி ஒலியைப் பார்த்துப் பழக வேண்டும். 'போ' என்பதில் இன்னும் மோசம். காலால் போனால் ஒரு வினை, வண்டியில் போனால் வேறு வினை. ஜனவரியில் விடுமுறைக்கு ஊருக்குப் போவதைச் சொல்ல, 'யா இதூ வ் இந்தியூ' என்றேன். நடந்தா என்று கேட்டார்கள். பனிக்கால உடை எல்லாம் எடுத்துக்கொண்டாயா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். அதிலிருந்து வாய் திறக்கும் முன் என் கால் எதில் இருக்கிறது என்று யோசிக்கும் பழக்கம் வந்தது. இதற்கு வேறு மருந்து இல்லை.

கடை. பல்பொருள் அங்காடியில் காசாளர் ஒரு வாக்கியத்தை வாய் திறவாமலே சொல்வதுபோலச் சொல்வார். முதல் பத்து நாள் அதற்கு நான் 'ஸ்பசீபா', நன்றி, என்று பதில் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு அடுத்தவரைப் பார்ப்பார். கடைசியில், எனக்கு முன்னால் நிற்பவர்களின் பின்னாலேயே ஒட்டி நின்று, அதே வாக்கியத்தை ஏழெட்டு முறை கேட்டுப் பிரித்தெடுத்தேன். 'பக்யேத் நூஷென்?' பை வேண்டுமா? அவ்வளவுதான். அதன் பின் கடையின் அட்டை இருக்கிறதா என்பது, பிறகு சில்லறை இருக்கிறதா என்பது. வரிசை மாறாது. கடைசியில் நின்று காது கொடுப்பதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை, கட்டணமும் இல்லை.

தயிர்ப் பிரிவு எனக்குத் தாய்வீடு. கிஃபீரை மோராக்கி உப்புப் போட்டுக் குடித்தேன். த்வரோக் நம் பனீரின் உதிர்ந்த உறவு. ஆனால் 'பிஸ் மியாசா', இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் கோழி வரும். கோழி இறைச்சிக் கணக்கில் சேராது என்பது பலருடைய நம்பிக்கை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

எண்களில் ஒரு விசித்திரம். ஒன்று என்றால் 'ரூபிள்'. இரண்டு, மூன்று, நான்கு என்றால் 'ரூப்லியா'. ஐந்து முதல் இருபது வரை 'ரூப்லேய்'. இருபத்தொன்று வந்ததும் மறுபடி 'ரூபிள்', ஒருமை! பூ வாங்கும்போது இது வந்து கழுத்தைப் பிடித்தது. மார்ச் 8, மகளிர் நாள், அங்கே பொது விடுமுறை. ஆண்கள் எல்லாரும் பூவோடு திரிவார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு டூலிப் வாங்கப் போய், எண்ணும் பெயரும் பிசகாமல் வருவது ஆறு என்பதால் ஆறு கேட்டேன். பூக்காரப் பெண் கையை நிறுத்திவிட்டார். இரட்டைப்படையில் பூ சாவு வீட்டுக்கு மட்டும்தான். பிறந்தநாள், விருந்து எல்லாவற்றுக்கும் ஒற்றைப்படை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது நமக்குப் புதிதா? நூறு ரூபாய் மொய் எழுதுவோமா, நூற்றொன்று எழுதுவோமா? மொய்க்கு ஒரு ரூபாய் சேர்ப்பதுபோல ஒரு டூலிப் சேர்த்து ஏழு வாங்கினேன்.

வாசற்படியும் அப்படித்தான். பொட்டலம் கொண்டுவந்த பையனிடம் உள்ளே நின்றபடி பணத்தை நீட்டினேன். அவன் வாங்காமல், ஒரு காலை உள்ளே எடுத்து வைத்து, பிறகு வாங்கினான். நிலைப்படிக்கு மேலாகக் கைகுலுக்குவதோ கொடுத்து வாங்குவதோ கூடாது. என் பாட்டி நிலைப்படியில் நின்று எதையும் கொடுக்க விட மாட்டார். அவரும் இந்த வீட்டுக்கார அம்மாவும் சந்தித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்க மாட்டார். மறந்த பொருளை எடுக்கத் திரும்பி வந்தால் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பயணத்துக்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். சகுனம் சரியில்லை, உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்பதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே வேறுபாடு காலில். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போவோம். அங்கே காலணியைக் கழற்றியவுடன் 'தாப்பச்கி', வீட்டுச் செருப்பு, தருவார்கள். வெறுங்கால் என்றால் சளி பிடிக்கும் என்று திட்டு.

கோட்டு விஷயத்திலும் திட்டு வாங்கினேன். நாடக அரங்கம், நூலகம், மருத்துவமனை எங்கே போனாலும் நுழைவில் கோட்டைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். கழுத்துப் பட்டையின் உள்ளே தொங்கவிடும் வளையம் இருக்க வேண்டும். என் கோட்டில் அது அறுந்திருந்தது. கோட்டு வாங்கி வைக்கும் மூதாட்டி, எண் வில்லையோடு நீண்ட உபதேசமும் தந்தார். எனக்குப் புரிந்தது 'ஊசி', 'நூல்', 'வெட்கம்' என்ற மூன்று சொற்கள். போதுமானவை. அன்று இரவே பழைய காலணிக் கயிற்றை நான்கு விரல் நீளம் வெட்டி, இரட்டை நூலால் தைத்தேன். ஒன்பது மாதத்தில் நான் பழுதுபார்த்தவற்றில் இதுவரை மறுபடி கெடாதது அது ஒன்றுதான்.

மருத்துவமனை வரிசை கண்ணுக்குத் தெரியாது. காலணிமேல் மாட்டிய நீலநிற உறையோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனதும் 'க்தோ பஸ்லேத்னி?', கடைசி யார், என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். 'யா ஸா வாமி', உங்களுக்குப் பின் நான், என்று சொல்லி அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இந்த இரண்டு வாக்கியங்கள் என் இலக்கணம் முழுவதையும்விட அதிகம் சம்பாதித்துக் கொடுத்தன.

ஆளை விளிப்பதில்தான் நான் தவித்துப்போனேன். தெருவில் போகிறவரைக் கூப்பிட அண்ணா, அக்கா, ஐயா என்று நமக்கு எத்தனை இருக்கின்றன! அங்கே பழைய 'தவாரிஷ்', தோழர், போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறு எதுவும் நிலையாக வரவில்லை. கடையில் இருக்கும் பெண் ஐம்பது வயதானாலும் 'தேவுஷ்கா', இளம்பெண். அதில் யாரும் கோபப்படுவதில்லை. மற்றபடி மதிப்புக்குரியவரை அவர் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். யூரி ககாரின் அவர்களுக்கு யூரி அலெக்சேயெவிச், அலெக்சேய் மகன் யூரி. 1844இல் இதே கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1847இல் பட்டம் பெறாமல் வெளியேறிய டால்ஸ்டாய்க்கு லேவ் நிக்கலாயெவிச். நம் முன்னெழுத்து முழுதாக விரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். படிவத்தில் குடும்பப் பெயர், பெயர், தந்தைவழிப் பெயர் என்று மூன்று கட்டங்கள். என் கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பதால், அலுவலகத்தில் பாதிப் பேர் என்னை அப்பா பெயரால் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, இந்த வயதில் எனக்கு வெளிநாட்டு வேலையா என்றார்.

அந்த வீட்டுக்கார அம்மாவும் தாத்தார்க்காரர். தேநீரில் பால் ஊற்றுவார், அது தாத்தார் வழக்கம். ரஷ்யர்கள் பெரும்பாலும் பாலில்லாமல் எலுமிச்சைத் துண்டு போட்டுக் குடிப்பார்கள். என் மொழிப் பள்ளி அந்தச் சமையலறை மேசைதான். பால் தேநீர், தேன்பாகில் பிடித்த சக்-சக், ஒரு மணி நேரப் பேச்சு. முதல் மூன்று மாதம் இருவரும் 'நீங்கள்'. பிப்ரவரியில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவனைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்டார், 'பத்து'வின் து-வோடு. நான் தொடர்ந்து 'நீங்கள்' என்றே சொன்னேன், அவரும் அதை மாற்றச் சொல்லவில்லை. ஊரில் எப்படியோ அப்படி.

அந்தக் கேள்வியில்தான் அடுத்த பாடமும் இருந்தது. ரஷ்ய வினைகள் இணை இணையாக வரும். நடந்துகொண்டிருப்பதற்கும் வழக்கமாக நடப்பதற்கும் ஒன்று, முடிந்துபோனதற்கு மற்றொன்று. 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்ற வேறுபாட்டின் அருகில் இருக்கிறது என்பது என் தற்காலிகக் கண்டுபிடிப்பு. எதற்கு 'விடு' போடுவேனோ அங்கே இரண்டாவது வினை. பத்தில் ஆறு முறை சரியாக விழுகிறது. 'எடு' என்ற வினைக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத சொற்கள், 'ப்ராத்', 'வ்ஸ்யாத்' என்று. அதில் முதலாவதைக் கடைசி மெய்யை மென்மையாக்காமல் சொன்னால் 'சகோதரன்' ஆகிவிடும். ல, ள, ழ வேறுபாடு கேட்காத ரஷ்யரிடம் நான் இதைப்பற்றிப் புலம்ப முடியாது.

நேற்றைய குறிப்பு. அதே அங்காடி, புதுக் காசாளர். நான் பக்யேத் நூஷென்னுக்குத் தயாராக, வேண்டாம் என்பதை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டார்: 'பக்யேத் ப்ராத் பூத்யெத்யெ?' பை, சகோதரன், பிறகு ஏதோ ஒன்று. எனக்குச் சகோதரன் இல்லை, ஒரு தங்கைதான் என்றேன். பின்னால் நின்றவர் தன் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.